ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் ஹாலுக்கு என்ன படம் மாட்டுவது?

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். புது வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறதாம். ஹால் முழுக்க வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ். வருகிறவர்கள் எல்லாம் "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கேப்பா" என்கிறார்கள். ஆன்லைனில் மூன்று கேன்வாஸ் படம் வாங்கி மாட்டினார். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. பின்பக்கம் பூஞ்சை, ஆணியிலிருந்து சுவரில் துருக்கோடு. அம்மாவோ பழைய வீட்டுப் படங்கள் அத்தனையும் ஹாலுக்கு வர வேண்டும் என்கிறார். மனைவிக்கு அதில் விருப்பமில்லை. என்ன செய்யலாம் என்பது கேள்வி.

தம்பி, முதலில் பல்பை மாற்றுங்கள்.

பிரேம் போட்டுப் பிழைக்கிறவன் பல்பைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். ராமநாதபுரத்தில் 20 வருஷத்துக்கு மேலாக இந்த வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து மாட்டியும் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல் குற்றம் சுவரில் இல்லை, விளக்கில்தான். வீட்டு வேலை முடியும்போது எலக்ட்ரீஷியன் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து எல்லா அறைக்கும் மாட்டிவிட்டுப் போவாரே, அந்த எல்இடி பெட்டியைப் பாருங்கள். 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். நீலம் ஓடிய வெள்ளை. மீன் வெட்டவும் கணக்குப் பார்க்கவும் அருமையான வெளிச்சம். ஆனால் அதன் கீழே சிவப்பும் மஞ்சளும் செத்துப்போகும், மனுஷன் முகமே சோகை பிடித்த மாதிரி தெரியும். 2700 அல்லது 3000 என்று போட்டது 'வார்ம் ஒயிட்'. பழைய குண்டு பல்பின் நிறம். ஹாலில் அதைப் போட்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள். படிக்க, தைக்க வெள்ளை வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு டியூப் தனி சுவிட்சில் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த ஒரு வாரத்தில் இன்னொரு வேலை. வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். அம்மா எங்கே உட்கார்ந்து டிவி பார்க்கிறார், நீங்கள் எந்த நாற்காலியில் டீ குடிக்கிறீர்கள், விருந்தாளி எந்தப் பக்கம் முகம் வைத்து உட்காருகிறார். அந்தக் கண்கள் போய் விழுகிற சுவர் எந்த வீட்டிலும் ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும். வீட்டின் மனநிலை அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மற்றச் சுவர்களைக் காலியாக விட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. பத்துச் சின்னப் படங்களை நாலு சுவரிலும் தெளித்தால் வீடு சலசலவென்று இருக்கும். ஒரு சுவரில் ஒரே ஒரு பெரிய படம் நின்றால் அறை அடங்கும். நான் சொல்ல வந்ததே இதுதான், மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

நம் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. ராமநாதபுரம் அரண்மனைக்குள் ராமலிங்க விலாசம் போயிருக்கிறீர்களா? பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது. சுவர், தூண், விதானம் என்று ஓரிடம் விடாமல் ஓவியம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராமநாதபுரத்தை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்தவை. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர் வந்து சேதுபதியைச் சந்திப்பது, பாகவதம், ராமாயணம் எல்லாம் உண்டு. நான் அங்கே போகும்போதெல்லாம் கவனிப்பது வேறு. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே நுழைந்ததும் காவியும் மஞ்சளும் கலந்த மங்கல் வெளிச்சம். கண் பழக அரை நிமிஷம் ஆகும், அதற்குள் உடம்பு குளிர்ந்துவிடும். அடுத்தது, எந்தப் படம் எந்த இடத்தில் என்பதில் இருக்கும் கணக்கு. போரும் ராஜாங்கமும் நாலு பேர் வந்து நிற்கும் கீழ் மண்டபத்தில். அரசரின் அந்தரங்க வாழ்க்கை மேல்மாடி அறையில். கல்யாண ஆல்பத்திலிருந்து மூன்றடிக்குப் பெரிதாக்கிய ஜோடிப் படத்தை வாசலுக்கு நேரே மாட்டச் சொல்கிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு: சேதுபதியே அதை மாடியில்தான் வைத்திருந்தார்.

இப்போது என்ன படம் என்பதற்கு வருகிறேன். கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் பத்துக்கு ஏழு பேர் கடல் படம்தான் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜன்னலைத் திறந்தால் கடல், மொட்டை மாடிக்குப் போனால் கடல். உண்மையான கடலுக்கு முன்னால் அச்சடித்த கடல் எப்படி நிற்கும்? வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, ஜன்னல் வழியே வரும் நீல வெளிச்சம், அதில் இன்னும் ஒரு நீலப் படம் போட்டால் அறை மேலும் குளிர்ந்து வெறிச்சென்றுதான் ஆகும். உங்கள் ஹாலுக்கு வேண்டியது எதிர்ப் பக்கம்: காவி, செம்மண், மஞ்சள், கருஞ்சிவப்பு. இல்லையென்றால் பச்சை. நம் மாவட்டத்தில் கண்ணுக்குக் கிடைக்கும் பச்சையெல்லாம் சீமைக்கருவேலம்தான். ஒரு நெல்வயலோ மழை பெய்த காடோ சுவரில் இருந்தால் கண் அதைத் தேடிப் போய் உட்காரும். பெரியபட்டினத்தில் ஒரு வீட்டில் வாழைத்தோட்டப் படம் ஒன்று, நாலடிக்கு மூன்றடி, மாட்டினேன். வீட்டுக்காரருக்குத் திருப்தியே இல்லை, கப்பல் படம்தான் வேண்டுமென்றார். மூன்று மாதம் கழித்துப் போன் செய்து அதே மாதிரி மாடிக்கும் ஒன்று கேட்டார்.

கடல்தான் வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டால், கடலை விட்டுவிட்டுக் கடல் வேலையைத் தேடுங்கள். வலை கோர்க்கும் கை, கரையில் கவிழ்த்துப் போட்ட வத்தை (சின்னப் படகு), மிதவைக் குவியல். பாம்பன் பழைய ரயில் பாலத்தின் படத்துக்கு இப்போது கிராக்கி. 1914இல் திறந்த பாலம் அது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்த பிறகு, தூக்குப் பாலம் திறந்து கப்பல் போகும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடி வருகிறார்கள். கறுப்பு வெள்ளையைப் பழுப்புச் சாயலில் அச்செடுத்து, அகலமான மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை விளிம்பு) விட்டு, தேக்கு நிறத்தில் பிரேம் போட்டால் எந்த ஹாலுக்கும் பொருந்தும்.

தனுஷ்கோடி இடிந்த தேவாலயப் படத்தைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. போட்டோ எடுக்கிறவர்களுக்கு அது பிடித்த இடம், படமும் அழகாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் ஹாலில் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் கழற்றச் சொன்னார்கள். அந்த வீட்டு அப்பத்தா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, 1964 டிசம்பர் புயலில், அங்கிருந்து உயிர் தப்பி வந்தவர். கூடப் பிறந்தவர்கள் வரவில்லை. படம் மாட்டிய நாளிலிருந்து நாற்காலியைச் சுவருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீவில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் எந்தப் படம் வாங்கினாலும் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டிவிடுங்கள்.

அளவு. கடைக்காரர்கள் இதில்தான் ஏமாற்றுவார்கள், அல்லது நாமே ஏமாறுவோம். கடையில் பெரிதாகத் தெரிந்த படம் வீட்டுச் சுவரில் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சோபாவுக்கு மேலே மாட்டுவதானால் சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு படம் இருக்க வேண்டும். ஆறடி சோபாவுக்கு நாலடி. சோபா முதுகுக்கும் படத்தின் அடிவிளிம்புக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் விடாதீர்கள். வாங்குவதற்கு முன் பழைய செய்தித்தாளை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை, ஆனால் என் வாடிக்கையாளர்களில் சொன்னபடி செய்தவர்கள் குறைவு.

உயரம் இன்னும் மோசம். நம் வீடுகளில் படம் என்றால் நிலைக்கு மேலேதான். கயிறு போட்டு முன்னால் சாய்த்து, கும்பிடுகிற உயரத்தில். சாமி படத்துக்கு அது சரி. பார்ப்பதற்கான படத்துக்குச் சரியில்லை. அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. வரை இருக்குமாறு மாட்டுவார்கள். அது நின்று பார்க்கிறவர்களுக்கான கணக்கு. வீட்டில் நாம் உட்கார்ந்து பார்க்கிறோம், பல வீடுகளில் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து பார்க்கிறோம். நான் இன்னும் ஒரு சாண் கீழே இறக்கித்தான் மாட்டுவேன். மாட்டி முடித்ததும் "தாழ்ந்து கிடக்குதே" என்பார்கள். உட்காரச் சொல்வேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அம்மாவின் படங்களுக்கு வருவோம். திரு இருதய ஆண்டவர், வேளாங்கண்ணி மாதா, ஓரியூர் அருளானந்தர், தாத்தா போட்டோ, அப்பா அம்மா கல்யாணப் படம், அப்துல் கலாம் என்று பட்டியல் அனுப்பியிருந்தீர்கள். (கலாம் இல்லாத ஹாலை நான் உங்கள் தீவில் பார்த்ததே இல்லை.) உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள், இந்தப் படங்கள் குப்பை இல்லை. காலண்டர் படம் என்று இளக்காரமாகப் பேசுகிறோம். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டைய ராஜு (1898–1976) மாதிரி ஓவியர்கள் வரைந்து சிவகாசியில் அச்சான சாமி படங்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் இன்று இருக்கிறார்கள். பழைய அச்சின் நிறம் இப்போதைய பிளக்ஸில் வராது. குற்றம் படத்தில் இல்லை, ஆறு படமும் ஆறு அளவில் ஆறு விதப் பிரேமில் இருப்பதில்தான்.

ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிராகாரத்தை நினைத்துப் பாருங்கள். 1212 தூண் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரே மாதிரித் தூண், ஒரே இடைவெளி. நடக்க நடக்க மனது தானாக அடங்குகிறது. ஒரே தூணை ஆறு விதமாகச் செய்து வைத்திருந்தால் அது கடைத்தெரு. அதே வேலையை வீட்டில் செய்யலாம். ஹாலிலிருந்து அம்மாவின் அறைக்குப் போகும் நடைக்கூடத்தில், எல்லாப் படத்துக்கும் ஒரே பிரேம், ஒரே நிற மவுண்ட், வெளி அளவு ஒன்று; உள்ளே படம் சின்னதென்றால் மவுண்ட் அகலமாகட்டும். இரண்டு விரற்கடை இடைவெளியில் ஒரே கோட்டில் மாட்டுங்கள். திரு இருதயப் படம் மட்டும் அதன் சிவப்புச் சின்ன பல்போடு ஹாலில், எப்போதும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதில் கை வைக்க வேண்டாம். அம்மாவிடம் "எடுத்துரலாம்மா" என்று ஆரம்பிக்காதீர்கள். "எல்லாத்துக்கும் புது பிரேம் போடப் போறோம்மா" என்று ஆரம்பியுங்கள்.

உருவப் படம் வைக்காத வீடுகளுக்கும் இதே வழிதான். கீழக்கரையில் பழைய ஜும்மா பள்ளியின் கல் தூண்களைப் பாருங்கள், கோயில் கட்டுமானத்தின் அதே கைவேலை. ஆனால் உருவம் ஒன்றுமில்லை. கொடியும் பூவும் மட்டும். அந்த ஊரில் பல வீடுகளுக்குக் கல்லெழுத்துப் பிரதிகளும் அரபு எழுத்தணிகளும் பிரேம் போட்டிருக்கிறேன். எங்கள் பகுதியிலேயே நேர்த்தியான ஹால்கள் எவை என்று கேட்டால் அவற்றில் சிலதைத்தான் சொல்வேன்.

படம் என்றால் காகிதம்தான் என்றும் இல்லை. பரமக்குடி கைத்தறிச் சேலை ஒன்று அம்மாவிடம் பெட்டிக்குள் கிடக்கும். அதன் முந்தானையை மட்டும் பலகையில் இழுத்துத் தைத்துப் பிரேம் போட்டால் வெள்ளை ஹாலுக்கு அதைவிடச் சூடான நிறம் கிடைக்காது. வெட்ட வேண்டியதில்லை, மீதியைப் பின்னால் மடித்து வைத்துத் தைக்கலாம்; பசை மட்டும் போட விடாதீர்கள். கையால் வரைந்தது வேண்டுமென்றால் கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர் கலம்காரித் துணி ஓவியம் இருக்கிறது, 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் இன்னொரு லாபம், எதிரொலியை வாங்கிக்கொள்ளும். டைல்ஸும் சிமெண்டுமான புது ஹாலில் பேச்சு கணீரென்று எதிரொலிப்பதும் அந்த ஆஸ்பத்திரி உணர்ச்சிக்கு ஒரு காரணம். பனையோலைப் பெட்டியின் மூடிகளை ஐந்தாறு சேர்த்து மாட்டினாலும் அழகு. நம் மாவட்டத்தில் ஓலைக்கா பஞ்சம்?

பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, காய்ந்த கடல் குதிரை, இதெல்லாம் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கரையில் செத்து ஒதுங்கியது என்றாலும் வீட்டில் வைத்தால் வழக்குதான். நம் பக்கம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பது மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குத் தெரியும்.

இனி உங்கள் கேன்வாஸ் ஏன் கெட்டது என்று பார்ப்போம். உப்பு. காற்றோடு வரும் உப்புத்தூள் கண்ணாடியிலும் ஆணியிலும் துணியிலும் படிகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழையே இல்லாத நாளில் ஜன்னல் கம்பி பிசுபிசுக்கிறதே, அது இதுதான். உங்கள் வீடு வடகடல் பக்கம், ஐப்பசியிலிருந்து வாடைக்காற்று நேரே அடிக்கும். அந்த வடக்குச் சுவர், அதுவும் வெளிச்சுவர், அதில்தான் மூன்றையும் மாட்டியிருக்கிறீர்கள். தென்கடல் பக்கம் வீடென்றால் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தெற்குச் சுவருக்கு இதே கதி. நல்ல படத்துக்கு உள்சுவர்தான் இடம்: இரண்டு அறைக்கு நடுவில் நிற்கும், வெயிலும் சாரலும் படாத சுவர். பின்னால் குளியலறை இருக்கும் சுவர் ஆகாது. ஓதம் ஏறியதா என்று பார்க்க ஒரு சாண் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மூன்று நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் கலவை போட்ட சுவரில் உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும், மேலே எத்தனை பெயின்ட் அடித்தாலும் சரி.

மாட்டும்போது இரும்பு ஆணி கூடாது. பிளக் வைத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள், கடையில் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண 304 ரகம் கடற்காற்றில் பழுப்புக் கறை விடும்; 316இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். இரண்டு ரூபாய் கூட, அவ்வளவுதான். கம்பிக்குப் பதில் நைலான் கயிறு. பிரேமின் கீழ் மூலை இரண்டிலும் பின்பக்கம் ரப்பர் பொட்டு ஒட்டினால் படம் சுவரில் அப்பிக்கொள்ளாமல் காற்றுப் போக இடம் கிடைக்கும். பூஞ்சை வராமல் இருக்க இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. கண்ணாடியைத் துடைக்க நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். படத்தின் மேல் நேரே ஸ்பிரே அடித்தால் தண்ணீர் பிரேமுக்குள் இறங்கும். கேன்வாஸ் வாங்கினால் பிக்மென்ட் மை அச்சுதானா என்று கேளுங்கள், நம் வெயிலில் மற்றது சீக்கிரம் வெளுக்கும். தஞ்சாவூர் ஓவியம் வாங்கும் ஆசை இருந்தால், அது பலகையில் துணி ஒட்டிச் சுண்ணமும் பசையும் பூசிய வேலை என்பதை ஞாபகம் வையுங்கள். ஈரம் ஏறினால் பலகை நெளியும், பூச்சு உரியும். நன்றாக மூடிய பிரேமில், உள்சுவரில், சமையலறையிலிருந்து தள்ளி.

கடைசியாக உங்கள் தாத்தா போட்டோ. அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது தோள் பக்கம் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மவுண்ட் வைக்காமல் கண்ணாடி படப் பிரேம் போட்டால் ஈரத்தில் இப்படித்தான் ஆகும். யாராவது பிரித்துத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, திருத்தி, புதிதாக அச்செடுத்துச் சுவரில் அந்தப் பிரதியை மாட்டுங்கள். அசலைக் கண்ணாடியோடு பருத்தித் துணியில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் படுக்க வையுங்கள். அடியில் இரண்டு கரும்புள்ளி தெரிகிறது, இராமபாணப் பூச்சி (சில்வர்ஃபிஷ்) அரித்ததாகத்தான் இருக்கும். ராமேஸ்வரத் தீவில் அந்தப் பெயருக்கு விலக்கா கிடைக்கப் போகிறது? வைக்கும் முன் பீரோத் தட்டை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்கேன் எடுத்ததும் கோப்பை எனக்கு அனுப்புங்கள், மவுண்ட் எத்தனை அங்குலம் என்று சொல்கிறேன்.